பின் அச்சின் பல்லை மாற்றினால் ஜீப் மலை ஏறுமா?

இந்த மாதம் அறிவியல் பக்கம் எழுதுவது என் முறை. முதலில் நிலாவைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு மாதமாக வேறு ஒரு பேச்சு. "கிரௌனை மாத்தணும், கிரௌனை மாத்தணும்" என்று மாமா தூக்கத்தில்கூட சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. அது என்ன கிரௌன், அதை மாற்றினால் என்ன ஆகும் என்று நான் கேட்டு, அளந்து, கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கணக்கு வருகிறதே என்று பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் மட்டும்தான்.

நடந்தது என்ன?

என் மாமா ஜீப் ஓட்டுகிறார். பழைய டீசல் ஜீப். காலையில் நம் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். நம் வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் இப்படி ஏதாவது ஒரு ஜீப்பில்தான் போகிறார்கள். என் அம்மாவும் மாமா ஜீப்பில்தான்.

போடிமெட்டு சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். கீழே போடியில் வெயில் அடிக்கும்போது மேலே ஸ்வெட்டர் போட வேண்டும். மெட்டு கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். போன மாதம் ஒருநாள் அந்த வளைவுகளில் ஒன்றில் ஜீப் திணறி நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல் இரண்டடி பின்னால் வந்தது. மாமா பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் குதித்து இறங்கி டயருக்குக் கல் வைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி அம்மா சாப்பிடவே இல்லை.

மறுநாள் மாமா பட்டறைக்குப் போனார். மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி 39-8 கிரௌன் கெடக்கு. அத எடுத்துட்டு 43-8 போட்டுருங்க. மலை சும்மா பிச்சுக்கிட்டு ஏறும்" என்று சொல்லியிருக்கிறார். செலவு இருபதாயிரத்துக்கு மேல். அது மாமா மகள் பாலிடெக்னிக் பீசுக்குச் சேர்த்து வைத்திருக்கும் பணம். அதனால்தான் வீட்டில் இத்தனை பேச்சு.

கிரௌன் என்றால் என்ன?

முதலில் சைக்கிளைப் பாருங்கள். பெடல் இருக்கும் இடத்தில் பெரிய பல்சக்கரம். பின் சக்கரத்தில் சின்னப் பல்சக்கரம், அதை ஃப்ரீவீல் என்கிறோம். எங்கள் அக்கா சைக்கிளில் எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் 44 ÷ 18 = 2.44 சுற்று சுற்றும். தண்ணிக் குடம் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறுபவர்கள் சைக்கிள் கடையில் சொல்லி 22 பல் ஃப்ரீவீல் போட்டுக்கொள்வார்கள். அப்போது 44 ÷ 22 = 2 சுற்றுதான். மிதிக்க லேசாக இருக்கும். ஆனால் தரையில் எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகமாகப் போகாது. கால்தான் வலிக்கும்.

இங்கே நம் காலின் பலம் மாறவில்லை. பல் எண்ணிக்கை மட்டும் மாறியது. வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கிக்கொண்டோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையே இதுதான்.

இப்போது ஜீப்புக்கு வருவோம். இன்ஜினில் இருந்து கியர்பாக்ஸ், கியர்பாக்ஸில் இருந்து வண்டிக்கு அடியில் நீளமான இரும்புத் தண்டு ஒன்று பின்னால் போகிறது. அதுதான் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் குடம் மாதிரி உருண்டையாக ஒன்று தொங்குமே, அதற்குள் அந்தத் தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது பினியன். அது ஒரு பெரிய வட்டப் பல்சக்கரத்தைச் சுற்றும். அதுதான் கிரௌன். பெரியது சுற்றினால் சக்கரம் சுற்றும். (படம் 1 பார்க்கவும். சிவப்பு மையில் இருப்பது பினியன், நீல மையில் இருப்பது கிரௌன்.)

39-8 என்றால் கிரௌனில் 39 பல், பினியனில் 8 பல். 39 ÷ 8 = 4.875. அதாவது தண்டு 4.875 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 43-8 என்றால் 43 ÷ 8 = 5.375. தண்டு இன்னும் அரைச் சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். சைக்கிளில் ஃப்ரீவீலைப் பெரிதாக்கியது போலத்தான் இது.

கழற்றாமலே பல்லை எண்ணலாம்!

மெக்கானிக் அண்ணன் 39-8 என்றார். அது சரிதானா என்று எனக்குச் சந்தேகம். மாமாவிடம் கேட்டேன். "அதுக்குப் பூராத்தையும் கழட்டணும் பாப்பா" என்றார். கழற்ற வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை நெல் காயப்போடும் களத்துக்கு ஜீப்பைக் கொண்டுவந்தோம். சமதளம். மாமா உள்ளே பிரேக் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நியூட்ரலில் போட்டார். டயரில் சாக்பீஸ் கோடு ஒன்று, தண்டில் வெள்ளைத் துணி ஒன்று கட்டினோம். நானும் தம்பியும் பக்கத்து வீட்டு அண்ணனும் மெதுவாகத் தள்ளினோம். அக்கா பக்கவாட்டில் குனிந்து துணியைப் பார்த்து எண்ணினாள். (வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. மாமா முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.)

சக்கரம் ஒரு சுற்று சுற்றியபோது துணி ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியவில்லை. அதனால் சக்கரத்தை 8 சுற்று தள்ளினோம். துணி சரியாக 39 சுற்று!

ஏன் 8 சுற்று? பினியனில் 8 பல் இருப்பதால்தான். கிரௌன் 8 முறை சுற்றினால் 8 × 39 = 312 பல் கடந்துபோகும். 312-ஐ 8 பல் உள்ள பினியன் கடக்க 39 சுற்று வேண்டும். நாம் ஆறாம் வகுப்பில் படித்த மீச்சிறு பொது மடங்குதான் இது. 8-க்கும் 39-க்கும் மீ.சி.ம. 312.

உங்களுக்குத் தெரியுமா?

40-8 என்று ஏன் வைக்கவில்லை? கணக்குச் சுலபமாக 5 என்று வந்திருக்குமே? 40-ஐ 8 மீதியின்றி வகுக்கும். அதனால் பினியனின் ஒரு பல், கிரௌனின் அதே ஐந்து பற்களைத்தான் ஆயுசுக்கும் சந்திக்கும். ஒரு பல்லில் சொட்டை இருந்தால் அந்த ஐந்தும் மட்டும் தேயும். 39-க்கும் 8-க்கும் பொது வகுத்தி 1 தவிர வேறு இல்லை. 43-க்கும் 8-க்கும் அப்படியே. அதனால் ஒவ்வொரு பல்லும் எதிரே இருக்கும் எல்லாப் பற்களையும் மாறி மாறிச் சந்திக்கும். தேய்மானம் சமமாக இருக்கும். கணக்கு வகுப்பில் சார்பகா எண்கள் எதற்கு என்று நான் நினைத்ததுண்டு. இதற்குத்தான்.

அமெரிக்க ஜீப்பின் கதை

இந்த 39-8, 43-8 இரண்டும் நம் ஊர்ப் பட்டறையில் பிறந்தவை இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லீஸ் கம்பெனி எம்.பி. என்ற ஜீப்பைச் செய்தது. அதில் 39-8. போர் முடிந்த 1945-இல் அதே கம்பெனி சி.ஜே.2ஏ என்ற ஜீப்பைப் பொதுமக்களுக்காக, முக்கியமாக விவசாயிகளுக்காகச் செய்தது. அதில் 43-8. இரண்டிலும் இன்ஜின் ஒரே வகைதான். 4 சிலிண்டர், 2.2 லிட்டர், பெட்ரோல், 60 குதிரைத்திறன்.

இன்ஜினை மாற்றாமல் பல்லை மட்டும் ஏன் மாற்றினார்கள்? போரில் ஓட வேண்டும். வயலில் இழுக்க வேண்டும். கலப்பையும் டிரெய்லரும் இழுக்க வேகம் வேண்டாம், இழுவைதான் வேண்டும். கூடவே கியர்பாக்ஸையும் இழுவைக்குத் தகுந்த மாதிரி மாற்றினார்கள். 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைச் சேர்த்துக் கட்டத் தொடங்கியது. நம் மலைச் சாலைகளுக்கு ஜீப் வந்தது அந்த வழியில்தான்.

அந்த ஜீப்பை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 833 மீட்டர். 833 ÷ 2.2 = 379 சுற்று. டாப் கியரில் கியர்பாக்ஸ் எதையும் மாற்றாது. அதனால்,

39-8 இருந்தால் இன்ஜின் நிமிடத்துக்கு 379 × 4.875 = 1,848 சுற்று.
43-8 இருந்தால் 379 × 5.375 = 2,037 சுற்று.

அதே வேகத்துக்கு இன்ஜின் 189 சுற்று கூடுதலாக உழைக்கிறது. சத்தம் கூடும். சமதளத்தில் பொதுவாக எரிபொருளும் கூடும்.

அந்த இன்ஜின் முழுத் திறனைத் தருவது 4,000 சுற்றில். அந்தச் சுற்றில் 39-8 ஜீப் மணிக்கு 108 கி.மீ. வரும். 43-8 ஜீப் 98 கி.மீ.தான் வரும். பத்து கி.மீ. போச்சு. ஆனால் சக்கரத்துக்கு வரும் திருப்புவிசை 5.375 ÷ 4.875 = 1.10 மடங்கு. அதாவது 100 பங்கு இழுத்த ஜீப் 110 பங்கு இழுக்கும்.

வேகம் பத்து குறைந்தது, இழுவை பத்து கூடியது. குதிரைத்திறன்? அதே 60. ஒரு குதிரைகூடக் கூடவில்லை. நம் அறிவியல் புத்தகத்தில் ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று இருக்கிறதே, அதுதான் காரணம். பல்சக்கரம் எதையும் உண்டாக்காது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும். நம் சந்தையில் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய மாதிரி.

அப்படியானால் மாற்றலாமா?

நல்லது எது, கெட்டது எது என்று ஒரு தாளில் எழுதினேன்.

நல்லது: எல்லாக் கியரிலும் இழுவை நூற்றுக்குப் பத்து கூடும். கிளட்ச் தேய்வது குறையும். இறக்கத்தில் இன்னொரு நன்மை. கியரில் இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? 43-8 இருந்தால் அந்தப் பிடிப்பும் கூடும். பிரேக் சூடாவது குறையும்.

கெட்டது: சமதளத்தில் வேகம் குறையும், இன்ஜின் அலறும். கிரௌனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றோடு ஒன்று உரசித் தேய்த்துப் பழக்கித்தான் விற்பார்கள். ஒன்று பழசு ஒன்று புதுசு போட்டால் ஊளையிடும். மாட்டும்போது பற்களுக்கு இடையில் இருக்கும் மயிரிழை இடைவெளியை மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்த்து, மை சரியான இடத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் சீக்கிரமே பல் போய்விடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பாக இருந்தால் முன் அச்சிலும் அதே பல் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம் போகப் பார்க்கும். ஒரே ஏரில் காளையையும் கழுதையையும் பூட்டியது போல. நடுவில் இருக்கும் கியர்பெட்டி உடையும். மாமா ஜீப்பில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது. அந்தச் செலவு மிச்சம்.

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். "மாத்தலாம் மாமா, பத்துப் பங்கு இழுவை கூடும்" என்று சொல்லவும் போனேன். அதற்குள் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது.

சாக்பீஸ் கோடு சொன்ன சேதி

8 சுற்று தள்ளியபோது களத்தில் ஜீப் போன தூரத்தைத் தம்பி டேப் வைத்து அளந்திருந்தான். 18.9 மீட்டர். ஒரு சுற்றுக்கு 2.36 மீட்டர். பின்னால் தொங்கும் ஸ்டெப்னி டயரையும் கழற்றி, மாமா மேலே கை வைத்து அழுத்த, களத்தில் உருட்டினோம். விளையாட்டுக்குத்தான். அது ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான் போனது!

மாமாவிடம் கேட்டேன். "அது பழைய டயரு பாப்பா. போன வருசம் பின்னாடி ரெண்டும் தேஞ்சுபோச்சு. ஒருத்தரு பெரிய டயரு பாதி விலைக்குக் குடுத்தாரு. பெருசா இருந்தா பள்ளத்துல தட்டாதுன்னு போட்டேன்" என்றார்.

2.36 ÷ 2.2 = 1.07. டயர் ஏழு பங்கு பெரிசு. டயர் பெரிசானால் என்ன ஆகும்? அதே திருப்புவிசை, ஆனால் சக்கரத்தின் ஆரம் நீளம். அதனால் தரையைத் தள்ளும் விசை குறையும். 100 பங்கு இழுத்த ஜீப் 93 பங்குதான் இழுக்கும். கிரௌனை மாற்றுவதற்கு நேர் எதிர்! அதாவது போன வருஷம் மாமா தெரியாமலே பின் அச்சின் பல்லை வேகத்துக்கு மாற்றிவிட்டார். இப்போது அதைச் சரிக்கட்ட இருபதாயிரம் செலவு செய்யப் போகிறார்.

மாமா உடனே நம்பவில்லை. "டயருக்கும் இழுவைக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். ஜீப்பில் வேகம் காட்டும் மீட்டருக்குச் சுற்று எங்கே இருந்து போகிறது என்று கேட்டேன். சக்கரத்தில் இருந்து இல்லை, கியர்பெட்டிப் பக்கம் தண்டு சுற்றுவதை வைத்துத்தான் என்றார். அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாம். சாலையில் கி.மீ. கல் இருக்கிறது. ஒரு கல்லில் மீட்டரைக் குறித்துக்கொண்டு சரியாகப் பத்தாவது கல்லில் பாருங்கள் என்றேன். டயர் பெரிசாக இருந்தால் பத்து கி.மீ. போகத் தண்டு குறைவாகச் சுற்றும், மீட்டர் குறைவாகக் காட்டும். 10 ÷ 1.07 = 9.3 என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் மாமா வந்தார். ஒன்றும் பேசாமல் டீ குடித்தார். பிறகு சொன்னார், "ஒம்பது புள்ளி மூணு."

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கிரௌனை 43-8 மாற்றியவர்கள் "மைலேஜ் குறையவே இல்ல" என்று சொல்வது உண்டாம். அவர்கள் மீட்டர் பத்து கி.மீ.க்குப் பதினொன்று காட்டும்! ஓடாத கி.மீ.க்கும் கணக்கு எழுதுகிறார்கள். கிரௌனோ டயரோ மாற்றினால் மீட்டரை நம்பாதீர்கள், கல்லை நம்புங்கள்.

கியரைப் பற்றி ஒரு வரி

மெக்கானிக் அண்ணனிடமும் இதைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "டயர நான் கவனிக்கல பாப்பா" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "அன்னைக்கு வளைவுல என்ன கியர்ல ஏறினீங்க?" என்று கேட்டார். மாமா தயங்கி, "செகண்டுல" என்றார்.

பழைய சி.ஜே.2ஏ ஜீப்பில் முதல் கியர் 2.8 மடங்கு, இரண்டாவது 1.55 மடங்கு. இரண்டாவதில் இருந்து முதலுக்கு வந்தால் இழுவை 1.8 மடங்கு ஆகும். அதாவது 100 பங்கு 180 ஆகும். கிரௌன் தருவது பத்துதான். கையில் இருக்கும் கியர் குச்சி தருவது எண்பது. வளைவுக்கு முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும், நடுவளைவில் மாற்றக் கூடாது என்றார் அண்ணன். முதல் கியரிலும் நிற்கிறது என்றால்தான் கிரௌனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கடைசிக் கணக்கு

இதுவரை எழுதியது எல்லாம் சுலபம். இதற்குப் பிறகு எழுதுவதுதான் கஷ்டம். எழுதலாமா என்று மாமாவிடமே கேட்டேன். "எழுதிக்க. பேரு மட்டும் போடாத" என்றார்.

ஜீப்பின் எடை ஏறத்தாழ 1,300 கிலோ. அன்று அதில் 14 பேர் இருந்தார்கள். ஒருவர் 50 கிலோ என்றால் 700 கிலோ. மொத்தம் 2,000 கிலோ. எட்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் இதை மேலே தள்ள 2,000 ÷ 8 = 250 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். (உராய்வைச் சேர்க்கவில்லை.)

ஆர்.சி. புத்தகத்தில் 10 பேர் என்றுதான் போட்டிருக்கிறது. 10 பேர் மட்டும் போனால் மொத்தம் 1,800 கிலோ. தேவைப்படும் விசை 225. பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கிரௌன் மாற்றினால் கிடைக்கும் அதே பத்து! இருபதாயிரமும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம்.

கிரௌனால் முடியாத ஒன்றும் இதில் இருக்கிறது. கிரௌன் மாற்றினாலும் பிரேக் அதே பிரேக்தான். 2,000 கிலோவைத்தான் நிறுத்த வேண்டும். ஆள் குறைந்தால் ஏறுவதும் சுலபம், நிறுத்துவதும் சுலபம். இரண்டடி பின்னால் வந்த அன்று பிடித்து நிறுத்தியது பிரேக், கிரௌன் இல்லை. ஜீப் நன்றாக இழுக்கிறது என்று தெரிந்தால் இன்னும் இரண்டு பேரை ஏற்றத்தான் தோன்றும். அப்போது அந்தப் பத்தும் போய்விடும், பிரேக்கின் பாடும் கூடிவிடும்.

இந்தக் கணக்கை அம்மாவிடம் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சரி, அந்த நாலு பேரு யாரு? நீயே சொல்லு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த 14 பேரையும் எனக்குத் தெரியும். யார் ஜீப்பில் ஏறவில்லையோ அவருக்கு அன்று கூலி இல்லை. மாமாவுக்கும் ஆள் கணக்கில்தான் வாடகை. என் தாளில் நான்கு என்று எழுதுவது சுலபம். தெருவில் நின்று நான்கு பேரை இறக்குவது சுலபம் இல்லை. அதனால் பல்சக்கரக் கணக்கு தப்பு என்று ஆகிவிடாது. ஆனால் அந்தக் கணக்கைச் செய்ய ஜீப்காரர் மட்டும் போதாது. தோட்டத்துக்காரர்களும், கங்காணியும், நம் பெற்றோரும் சேர்ந்து பேச வேண்டும். இரண்டு நடை அடித்தாலும் கட்டுப்படியாகும் வாடகை வேண்டும்.

இப்போது என்ன நிலைமை?

மாமா கிரௌனை மாற்றவில்லை. பீஸ் பணம் பத்திரமாக இருக்கிறது. பின் டயர் இரண்டையும் பழைய அளவுக்கு மாற்றிவிட்டார். மீட்டர் பத்து கல்லுக்குப் பத்து காட்டுகிறது. வளைவுக்கு முன்னாலேயே முதல் கியர். பிரேக் லைனிங்கும் புதுசு போட்டார். ஆட்கள்? 14 பேர் 12 ஆகியிருக்கிறார்கள். இரண்டு பேர் பக்கத்துத் தெரு ஜீப்பில் போகிறார்கள். அந்த ஜீப்பில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. தினமும் காலையில் ஜீப் கிளம்பும்போது நான் வாசலில் நின்று எண்ணுகிறேன். மாமா பார்த்துவிட்டு, "எண்ணிட்டியா, போகட்டா?" என்பார்.

ஆகவே கேள்விக்குப் பதில்: பின் அச்சின் பல்லை மாற்றினால் ஜீப் மலை ஏறும், ஆனால் பத்துப் பங்குதான் கூடும், அதுவும் வேகத்தைக் கொடுத்து வாங்கியதாகத்தான் இருக்கும். மாற்றும் முன் டயரைப் பாருங்கள், கியரைப் பாருங்கள், பாரத்தைப் பாருங்கள். நம் திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் 475-ஆவது குறளை எடுத்துப் படியுங்கள். அச்சைப் பற்றியும் பாரத்தைப் பற்றியும்தான் அதில் இருக்கிறது. கிரௌன், பினியன் எதுவும் இல்லாத காலத்திலேயே திருவள்ளுவருக்கு இது தெரிந்திருக்கிறது.

செய்து பாருங்கள்

1. உங்கள் சைக்கிளில் முன் பல், பின் பல் எண்ணி வகுத்துப் பாருங்கள். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் எத்தனை மீட்டர் போகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு அளந்து சரிபாருங்கள்.

2. ஒரு வண்டியில் கிரௌனில் 41 பல், பினியனில் 9 பல். சக்கரம் 9 சுற்று சுற்றினால் தண்டு எத்தனை சுற்று சுற்றும்? பேப்பர், பேனா இல்லாமலே சொல்லலாம்.

3. உங்கள் அம்மா, அப்பா போகும் வண்டியில் எத்தனை பேர் என்று நாளைக் காலை எண்ணுங்கள்.

இரண்டாம் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் பெயரும் வகுப்பும் எழுதி இதழின் கீழே இருக்கும் கவரில் போடவும். மூன்றாம் கேள்விக்கு விடையை வீட்டில் சொல்லவும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி